கொடுக்க வேண்டியது

போன மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கெல்லாம் எங்கள் செக்காலை வீட்டு வாசலில் குட்டியானை வந்து நின்றுவிட்டது. ஆறு வருடம் குடியிருந்த குடும்பம் காரைக்குடியை விட்டுத் திருச்சிக்குப் போகிறது. அந்தத் தம்பிக்கு வங்கியில் வேலை, மாற்றல் வந்துவிட்டது. பீரோவும் வாஷிங் மெஷினும் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் நானும் அவரும் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று, போன் வெளிச்சத்தில் ரீடிங்கை வாய்விட்டுப் படித்து, ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அவர் அட்வான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒரு நொடி தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்குப் பழக்கமானது. கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் ஆறு வருடம் இருந்துவிட்டுக் கிளம்பிய அன்று நானும் அப்படித்தான் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே வீட்டு உரிமையாளர் பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார். ஆறு வருடம் மனிதர்கள் வாழ்ந்த சுவர் மங்கத்தான் செய்யும், அது எங்கள் குற்றமா என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. லாரி கிளம்பத் தயாராக நிற்கும்போது யாருக்கும் வாய் வராது. சாவி கைமாறிய பிறகு, குடியிருந்தவர் கையில் பிடிமானம் என்று எதுவும் இல்லை. பணம் எதிராளியிடம் இருக்கிறது, இவருக்குப் புது ஊரில் பால் காய்ச்ச நேரமாகிறது.

இதை எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். அதற்குக் காரணம் கோயம்புத்தூர் இல்லை. எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்று.

என் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 2016-இல் தவறிப்போனார்கள். செக்காலை வீட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு உண்டு. அதில் ஒரு தையல்காரர் குடும்பத்தோடு இருந்தார். 2009-இல் வந்தவர். அப்பச்சி போன மறு வருடம், மகளுக்குக் கல்லூரி கிடைத்ததால் மதுரைக்குப் போவதாகச் சொன்னார். "பெரியவுகட்ட பதினஞ்சாயிரம் குடுத்திருந்தேன் ஆச்சி" என்றார். எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்பார்கள். ரசீது இல்லை, ஒப்பந்தமும் இல்லை. அப்பச்சி காலத்தில் அந்த ஓட்டு வீட்டுக்கு யாரும் எழுதிக்கொண்டதில்லை.

என் தம்பி சென்னையிலிருந்து போனில், "ஆச்சி, ரசீது இருக்கான்னு கேளு" என்றான். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து, "பத்தாயிரமா இருக்கும், எனக்கு அப்படித்தான் ஞாபகம்" என்றார்கள். அப்பச்சி வாங்கிய பணத்தை யார் பங்கிலிருந்து கொடுப்பது என்றும் பேச்சு வந்தது. வாடகை அம்மா கணக்குக்கு வருகிறது, வீடு மூன்று பேருக்கும் பொது, வாங்கினவர்கள் இல்லை. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆளுக்கு ஒரு நாள் ஒத்திப்போட்டோம், அவ்வளவுதான். அப்படியே நான்கு மாதம் ஓடிவிட்டது. தையல்காரர் இரண்டு தடவை மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்து, திண்ணையில் உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஐந்தாம் மாதம் அப்பச்சியின் மரப்பெட்டியைக் குடைந்தபோது நீளவாட்டுக் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். பின்பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பினால் தனியாக ஒரு பக்கம். அதற்குத் தலைப்பு, "கொடுக்க வேண்டியது." அதில் நான்கு வரிகள்தான். மூன்றாவது வரியில் தையல்காரர் பெயர், ஓட்டு வீடு, அட்வான்ஸ் ரூ. 15,000, தேதி. மற்ற வரிகளில் பணம் கொடுத்து முடித்ததும் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தார்கள். இந்த வரி மட்டும் கோடில்லாமல் இருந்தது.

அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. எங்கள் அப்பச்சி வாடகையை வரவில் எழுதினார்கள். அட்வான்ஸை ஒரு நாளும் வரவில் எழுதவில்லை. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, காலத்துக் கடைகளில் வீட்டுப் பெண்களான ஆச்சிமார் தங்கள் சீதனப் பணத்தைப் போட்டு வைப்பார்கள், கோவில் பணமும் வந்து சேரும். முதலாளியின் முதல் தனி, அடுத்தவர் போட்ட பணம் தனி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பேரேடு. பெட்டியடியில் உட்காரப் பழகும் பையனுக்கு முதலில் சொல்லித் தருவது, பெட்டியில் இருக்கும் பணத்தில் எது நம்முடையது, எது நம்மிடம் இருக்கிறது என்ற வித்தியாசத்தைத்தான். அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் அப்பச்சி. பிள்ளைகள் நாங்கள் ரசீது கேட்டோம்.

மறுநாளே மதுரைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தேன். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அவர் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. பதினைந்தாயிரத்துக்கு மாதம் 450, நான்கு மாதத்துக்கு 1,800. அதையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து மிஷின் டிராயரில் வைத்துக்கொண்டார். அப்படி வாங்கிக்கொண்டதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

அதிலிருந்து வீட்டுக் கணக்கு என் கையில். முதல் காரியமாக அட்வான்ஸுக்கென்று வங்கியில் தனிக் கணக்கு ஒன்று திறந்தேன். ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் கல்யாணச் செலவு வந்தாலும் அதில் கை வைப்பதில்லை. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அட்வான்ஸ் திரும்பாமல் இழுபடுவதற்கு உரிமையாளரின் கெட்ட எண்ணம் காரணமாக இருப்பதில்லை. பணம் செலவாகிப்போயிருக்கும். அடுத்த குடி வந்து அவர்கள் தரும் அட்வான்ஸை வாங்கித்தான் பழைய குடிக்குக் கொடுக்க முடியும் என்ற நிலை. வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் போனவர் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஒத்திக்கு விட்ட வீடுகளில் இது இன்னும் பெரிய வேதனை. வாடகையே இல்லாமல் சில லட்சங்களை மொத்தமாக வாங்கி, அதில் மாடி எடுத்துவிடுவார்கள். ஒத்திக் காலம் முடியும்போது திருப்பிக் கொடுக்க வேறு ஒத்திக்காரரைத் தேடி அலைவார்கள்.

பெரிய வீடுகளின் நிலைமை வேறு. பத்துப் பன்னிரண்டு புள்ளிக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவான வீட்டில் முகப்பை ஒட்டிய கடையையோ, பின் தெருப் பக்கத்து அறைகளையோ வாடகைக்கு விட்டிருப்பார்கள். சாவி ஒரு பங்காளியிடம், வாடகை வசூல் இன்னொருவரிடம். அட்வான்ஸ் வாங்கினவர் எப்போதோ போயிருப்பார். காலி செய்பவர் எந்தக் கதவைத் தட்டுவார்? வாங்கினவர் இறந்துவிட்டாலும் சொத்தை அடைந்தவர்கள் அந்தப் பொறுப்பையும் சேர்த்தேதான் அடைகிறார்கள். பங்கு பிரிக்கும்போது இதையும் ஒரு வரி எழுதிவிட்டால் எவ்வளவோ நல்லது.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பழைய 1960-ஆம் வருட வாடகைச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் அந்த அதிகாரி. பதிவை இணையத்திலேயே செய்யலாம். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது பத்திரப் பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம். இந்தப் புதுச் சட்டத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது.

அந்தச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்ற பட்டியல். வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் வேலை எல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய்த் திருகு, வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இவை குடியிருப்பவர் பக்கம். புழக்கத்தில் தானாகத் தேய்வதற்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை. இதைப் படித்தபோது கோயம்புத்தூரில் என்னிடம் பிடித்த பெயிண்ட் பணம் நினைவுக்கு வந்தது. நான் இருந்தபோது இந்தச் சட்டம் இல்லை. ஆனால் நியாயம் அன்றும் இதுவாகத்தான் இருந்தது.

சரி, வங்கித் தம்பியின் கணக்குக்கு வருகிறேன்.

அவர்கள் 2019-இல் வந்தபோது வாடகை 8,000, அட்வான்ஸ் 40,000. ஐந்து மாதம். ஒப்பந்தத்தில் எழுதித்தான் வாங்கினேன், ஆனாலும் அதிகம்தான். வாடகை பாக்கி எதுவும் இல்லை. கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்வார்கள், இவர் சொல்லவில்லை. நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன், ஏனென்றால் போகும் அன்று கரண்ட் பில்லுக்கும் சேதத்துக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதே சமயம், போனவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தராத வீடு என்று பெயர் எடுத்த இடத்தில் குடியிருப்பவர் அப்படிச் செய்தால் அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது.

கரண்ட் பில்லில் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. முதல் நூறு யூனிட் இலவசம், யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். இவர்கள் நடுவில் காலி செய்கிறார்கள். அந்த இலவச நூறு யாருக்கு? மொத்தப் பில் வந்த பிறகு யூனிட் கணக்கில் பிரித்தால், பின்னால் வருபவர் நிறைய ஏசி போட்டால் போனவரும் கூடுதல் விலையில் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் காலி செய்த அன்றைய ரீடிங்கையே பில் தேதியாக வைத்துக்கொண்டு, இலவச நூறையும் அவர்களுக்கே கொடுத்துக் கணக்குப் போட்டோம். 412 ரூபாய் வந்தது. சமையற்கட்டிலும் குளியலறையிலும் குழாய் ஒழுகியது. இரண்டுக்கும் மாற்றுத் திருகு 480 ரூபாய். பட்டியல்படி அது அவர்கள் பொறுப்பு, அவரும் ஒப்புக்கொண்டார். வெள்ளையடிக்க எனக்கு 22,000 ரூபாய் ஆகும். அது என் செலவு.

அப்புறம்தான் கல்.

வளவு என்னும் நடு முற்றத்தை ஒட்டிய கூடம்தான் பட்டாலை. அதன் தரையில் எங்கள் ஐயா போட்ட ஆத்தங்குடிக் கல். சிவப்பும் கறுப்பும் கலந்த பூ. வீட்டைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், அந்தத் தம்பியின் மனைவி ஓர் ஆளை வைத்துக் குளியலறையை ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் வாளியோடு வெளியே வந்து, குளியலறை வாசலில் கறை தெரிந்த கல்லிலும் ஊற்றித் தேய்த்துவிட்டார். பதினான்கு கல் வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. அந்தப் பெண் அதை என்னிடம் காட்டும்போது கண் கலங்கியிருந்தது. "அக்கா, பளபளன்னு ஆகும்னு நெனச்சேன்" என்றார்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அச்சின் கண்களில் வண்ண சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறப்போடுவார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகம்தான் பளபளப்பு. அந்த வண்ணப் படலம் மெல்லியது. சிமெண்டுக்கும் ஆசிட்டுக்கும் ஆகாது, ஊற்றியதும் பொங்கி அரித்துவிடும். கடையில் விற்கும் வழவழப்பான டைல்ஸ் சுட்டது, அதற்கு ஆசிட் அவ்வளவாக ஒன்றும் செய்யாது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வாடகை உயர்வுக்கு இரண்டு பத்தி எழுதியிருந்தேன். கல்லைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

பெரியப்பச்சி மகன், உள்ளூர் அண்ணன், வந்து பார்த்துவிட்டு, "நடுவுல மாத்துனா ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். பட்டாலை முழுக்கப் பேத்துப் போட்ரு, அட்வான்ஸை வச்சுக்க" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. அறுபது வருடம் காலடி பட்டு, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து ஏறிய மெருகுக்குப் பக்கத்தில் புதுக் கல் பொருந்தாது. ஆனால் கெட்டது பதினான்கு கல். முழுத் தளத்துக்கும் அவர்களிடம் பணம் எடுத்தால், ஐயா போட்ட தளத்துக்கு ஒரு வங்கி ஊழியரின் சேமிப்பில் புது உயிர் வாங்கிக்கொள்வதாக ஆகும். அது எனக்குச் சம்மதமில்லை.

எங்கள் கொத்தனார் எழுபதைத் தாண்டியவர். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "எல்லாத்தையும் எடுக்காதீக ஆச்சி, தேச்சுப் பாப்போம்" என்றார். தண்ணீர் விட்டு மெல்லிய உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து, காயவிட்டு, எண்ணெய் போட்டதில் ஒன்பது கல் ஓரளவு தேறிவிட்டது. ஐந்து தேறவில்லை. பெயர்த்த கல்லில் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனேன். மூன்றாவது பட்டறையில் அதே பூவுக்கு அச்சு இருந்தது. ஐந்து கல், வண்டிச் செலவோடு 500. சிமெண்ட், மணல் 300. கொத்தனாருக்கு 1,200, சித்தாளுக்கு 700, உப்புத்தாளும் எண்ணெயும் 200. மொத்தம் 2,900.

இதில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். ஆசிட் ஊற்றியது அவர்கள் பக்கத்து ஆள். ஊற்றக் கூடாது என்று சொல்லாமல் விட்டது நான். பாதி, 1,450. முழுவதும் தருவதாக அந்தத் தம்பி சொன்னார், நான் வாங்கவில்லை. ரசீதுகளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கழிக்கும் தொகை சரியாக இருந்தாலும், எதற்கு என்று தெரியாமல் கழித்தால் மனம் ஆறாது. கோயம்புத்தூரில் என்னிடம் பெயிண்ட் ரசீதைக் காட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருடம் உறுத்தியிருக்காது என்று நினைக்கிறேன்.

பணத்தை எப்படிக் கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். கல் வேலை முடிய ஒரு வாரம் ஆகும் என்று அன்றே தெரிந்துவிட்டது. எப்படிப் போனாலும் பத்தாயிரத்துக்கு மேல் கழிக்க வேண்டி வராது என்பதும் தெரிந்தது. அதனால் குட்டியானை கிளம்புவதற்கு முன்னாலேயே 30,000 அனுப்பிவிட்டேன். சந்தேகமில்லாத பணத்தைப் பிடித்து வைக்க எனக்கு என்ன காரணம் இருக்கிறது? திருச்சி வீட்டு அட்வான்ஸுக்கு அந்தப் பணம் அன்றைக்கே தேவைப்பட்டது.

இந்த அனுபவத்தில் என் மனத்தில் ஊன்றிப்போனது ஒன்றுதான். காலி செய்யும் நாளில் வரும் சண்டைகள் எல்லாமே குடிவந்த நாளில் பேசாமல் விட்டவை. அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த முகமாக இருப்போம். வீடு பிடித்த சந்தோஷம் அவர்களுக்கு, நல்ல குடி வந்த சந்தோஷம் நமக்கு. அந்த நேரத்தில் சுவரில் இருக்கும் விரிசலை எழுதிக்கொள்வோமா என்று கேட்டால் நம்பிக்கையில்லாமல் பேசுவதாக எடுத்துக்கொள்வார்களோ என்று கூச்சம். ஆனால் நம் பக்கத்துக் கல்யாணங்களில் சாமான் பரப்பி, வெள்ளித் தம்ளர் எத்தனை, எவர்சில்வர் அடுக்கு எத்தனை, கரண்டி எத்தனை என்று ஒன்று விடாமல் எழுதி வைக்கிறோம். சம்பந்தி வீட்டார்மேல் நம்பிக்கை இல்லாமலா எழுதுகிறோம்? முப்பது வருடம் கழித்து ஒரு பேச்சு வந்தால், மனிதர்களைக் கேட்காமல் தாளைக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதானே. பெண்ணைக் கொடுக்கும் இடத்தில் செய்வதை வீட்டைக் கொடுக்கும் இடத்தில் செய்ய என்ன கூச்சம்?

இப்போது அடுத்த குடும்பத்துக்காக ஒரு தாள் எழுதியிருக்கிறேன். அறை அறையாக. பட்டாலைக் கல்லில் ஆசிட், பிளீச்சிங் பவுடர் கூடாது, சோப்புத் தண்ணீர் போதும். வளவுச் சுவர் பழைய முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு, ஆணி அடித்தால் பலகையாகப் பெயரும், படம் மாட்ட மேலே மரச்சட்டம் இருக்கிறது. மீட்டர் ரீடிங், சாவி எத்தனை, எந்தக் குழாய் புதுசு. ஒவ்வோர் அறைக்கும் தேதியோடு போட்டோ. அட்வான்ஸ் இந்தத் தடவை மூன்று மாதம்தான்.

வங்கித் தம்பிக்கு ஒன்பதாம் நாள் கணக்குத் தாளை அனுப்பினேன். கரண்ட் 412, குழாய் 480, கல் 1,450, பின்கட்டு ஜன்னலில் காணாமல் போன கொக்கி 180. அரை மணி நேரத்தில் அவர் மனைவி கூப்பிட்டார். "அக்கா, கல்லு சரியா வந்துருச்சா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். போட்டோ அனுப்புவதாகச் சொன்னேன். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தக் கொக்கி நாங்க வர்றப்பவே இல்லைக்கா" என்றார்.

எனக்கு அப்படி நினைவில்லை. அவர் பழைய போட்டோ ஒன்றைத் தேடி அனுப்பினார். 2019, பால் காய்ச்சிய அன்று எடுத்தது. அடுப்பில் பால் பொங்குகிறது, அவர் மாமியார் கையில் கரண்டி, பின்னால் திறந்த கதவு வழியே பின்கட்டு ஜன்னல் தெரிகிறது. கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சணல் கயிறு கட்டியிருக்கிறது. அந்த முடிச்சு அப்பச்சி போடும் முடிச்சு.

180-ஐ அடித்துவிட்டு 7,658 ரூபாய் அனுப்பினேன். முன்னால் கொடுத்த 30,000-த்தோடு சேர்த்து 37,658. நோட்டில் "கொடுக்க வேண்டியது" பக்கத்தில் அவர் பெயர் இருந்த வரிக்குக் குறுக்கே கோடு இழுத்தேன். பிறகு புதுத் தாளை எடுத்து, பின்கட்டு என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி சேர்த்தேன்: கிழக்கு ஜன்னல், கொக்கி இல்லை, கயிறு கட்டியிருக்கிறது.